விருத்தாசலத்தில் பியூட்டி பார்லர்: பெரிய பிராண்டின் பிரான்சைஸா, சொந்தப் பெயரா? – கணக்கு சொல்வது என்ன?

சலூன், பியூட்டி பார்லர் சேவைகளுக்கான ஜிஎஸ்டி 2025 செப்டம்பர் 22 முதல் 18 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைந்தது. வாடிக்கையாளருக்கு இது நல்ல செய்தி. ஆனால் பார்லர் நடத்துபவருக்கு இதனுடன் ஒரு நிபந்தனையும் வந்தது. கடை வாடகை, ராயல்டி, உள் அலங்கார வேலை ஆகியவற்றுக்குக் கட்டும் வரியை இனி கழித்துக்கொள்ள முடியாது. ‘உள்ளீட்டு வரி வரவு’ எனப்படும் அந்தச் சலுகை போய்விட்டது.

பெரிய நகரத்து முதலாளி இதை எப்படியாவது சமாளித்துவிடுவார். விருத்தாசலம் போன்ற ஊரில், நகையை அடகு வைத்து, வங்கிக் கடன் வாங்கி, “ஒரு பார்லர் வச்சிடலாம்” என்று இறங்கும் பெண்ணுக்கோ இளைஞருக்கோ இந்த ஒரு வரிதான் முக்கியமான முடிவை மாற்றப் போகிறது. பெரிய நிறுவனத்தின் பெயர்ப்பலகையை வாங்கி மாட்டுவதா, சொந்தப் பெயரில் சின்னதாகத் தொடங்குவதா என்பதே அந்த முடிவு.

கடலூர் மாவட்டத்துக்கும் சலூன் பிராண்டுக்கும் என்ன தொடர்பு?

தமிழ்நாட்டில் பரவலாகத் தெரிந்த இரண்டு சலூன் பிராண்டுகளின் வேர் இந்த மாவட்டத்தில்தான் இருக்கிறது. ஷாம்பூவைச் சின்ன சாஷேயில் அடைத்து விற்றதற்காக அறியப்படுபவர் கடலூர் சின்னி கிருஷ்ணன். அவருடைய மகன் சி.கே.ரங்கநாதன் 1983-ல் தொடங்கிய தொழில்தான் பின்னர் கெவின்கேர் ஆனது. ‘கிரீன் டிரெண்ட்ஸ்’ சலூன்கள் அந்தக் குழுமத்தைச் சேர்ந்தவை. மற்றொரு மகன் சி.கே.குமரவேலும் அவருடைய மனைவி வீணா குமரவேலும் 2000-ல் சென்னையில் தொடங்கியது ‘நேச்சுரல்ஸ்’. பிரான்சைஸ் முறையில் ஊர் ஊராக வளர்ந்த நிறுவனம் அது.

பிரான்சைஸ் முறையில் பெயர், பயிற்சி, பொருள்கள், விலைப்பட்டியல், கடையின் வடிவமைப்பு எல்லாம் நிறுவனத்துடையது. முதலீடு, வாடகை, சம்பளம், கடன் தவணை எல்லாம் கடை எடுத்து நடத்துபவருடையது. தொடக்கத்தில் ஒரு கட்டணம், பிறகு மாதாமாதம் ராயல்டி, பல ஒப்பந்தங்களில் விளம்பர நிதிக்கென்று தனியாக ஒரு சதவீதமும் உண்டு. ராயல்டி என்பது லாபத்தில் பங்கு அல்ல. பெரும்பாலும் மொத்த வசூலில் பங்கு. நஷ்டம் வந்த மாதத்திலும் அதைக் கட்டியாக வேண்டும்.

வெளிநாட்டில் டேனிங், இங்கே ‘டேன் ரிமூவல்’

மேற்கு நாடுகளில் பிரான்சைஸா, தனிக்கடையா என்ற இதே கேள்வி ‘டேனிங் சலூன்’ தொழிலில் கேட்கப்படுகிறது. வெள்ளைத் தோலைப் புற ஊதாக் கதிர் படுக்கையில் படுத்துப் பழுப்பாக்கிக்கொள்ளும் கடைகள் அவை. 2009-ல் உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆராய்ச்சிப் பிரிவு அந்தக் கருவிகளைப் புற்றுநோய் உண்டாக்குபவை என்று உறுதிசெய்து, முதல் வகைப் பட்டியலில் சேர்த்தது. அதே ஆண்டில் பிரேசில் அவற்றைத் தடை செய்தது. அமெரிக்கா 2010-ல் தனியாக 10 சதவீத வரி போட்டது. பிரான்சைஸ் எடுத்தவரும் தனிக்கடைக்காரரும் ஒன்றாக அடி வாங்கினார்கள். தொழிலே சிக்கலில் இருந்தால் பெயர்ப்பலகை காப்பாற்றாது என்பது அங்கே கிடைத்த பாடம்.

விருத்தாசலம் வெயிலில் யாரும் காசு கொடுத்துக் கறுக்க மாட்டார்கள். இங்கே நடப்பது நேர் எதிர் வியாபாரம்: டேன் ரிமூவல், பிளீச், ஃபேஷியல், முகூர்த்த காலத்தில் மணப்பெண் அலங்காரம். இதிலும் ஆபத்து உண்டு. 2023-ல் கேரளத்தின் மலப்புரம் மாவட்டத்தில், வெள்ளையாக்கும் கிரீம்களைப் பூசியவர்களுக்குச் சிறுநீரகப் பாதிப்பு ஏற்பட்டதை மருத்துவர்கள் கண்டறிந்தனர். அந்த கிரீம்களில் பாதரசம் இருந்தது. கண்ணுக்குப் பூசுபவை தவிர மற்ற அழகுப் பொருள்களில், தவறிக் கலக்கும் பாதரசம்கூட 10 லட்சத்தில் 1 பங்கைத் தாண்டக் கூடாது என்கின்றன 2020-ம் ஆண்டின் அழகுசாதனப் பொருள் விதிகள். எனவே பார்லரில் பூசும் பொருள் எங்கிருந்து வருகிறது என்பது முக்கியமான கேள்வி. பிரான்சைஸில் நிறுவனம் சொல்லும் பொருளை மட்டும் வாங்க வேண்டும். விலை கூடுதலாக இருக்கலாம், ஆனால் பில் இருக்கும். தனிக்கடையில் அந்தப் பொறுப்பு முழுவதும் நடத்துபவர் தலையில்.

பிரான்சைஸ் கணக்கு எப்படி வரும்?

ஒரு உதாரணக் கணக்கு. இவை எந்த நிறுவனத்தின் கட்டணமும் அல்ல. புரிந்துகொள்வதற்காக எடுத்துக்கொண்ட எண்கள்.

ஏ.சி., கண்ணாடி, உள் அலங்காரம் என்று 25 லட்சம் ரூபாயில் கடை போடப்படுகிறது. அதில் 15 லட்சம் கடன். வரி நீங்கலாக மாத வசூல் 3 லட்சம் ரூபாய் என்று வைத்துக்கொள்வோம்.

* ராயல்டி 10 சதவீதம்: ரூ.30,000. அதன்மீது 18 சதவீத ஜிஎஸ்டி ரூ.5,400. மொத்தம் ரூ.35,400.
* விளம்பர நிதி 2 சதவீதம், ஜிஎஸ்டியுடன்: ரூ.7,080.
* வாடகை ரூ.40,000, ஜிஎஸ்டியுடன்: ரூ.47,200.
* ஐந்து பேர் சம்பளம்: ரூ.90,000.
* கிரீம், சாயம், மற்ற பொருள்கள்: ரூ.45,000.
* மின்சாரம், இதர செலவு: ரூ.25,000.

மொத்தச் செலவு ரூ.2,49,680. கையில் நிற்பது ரூ.50,320. கடனுக்கு 11 சதவீத வட்டி, 5 ஆண்டு தவணை என்றால் மாதம் சுமார் ரூ.32,600 போய்விடும். மிச்சம் ரூ.17,700.

இப்போது வசூல் 20 சதவீதம் குறைகிறது என்று வைத்துக்கொள்வோம். ஆடியிலும் மார்கழியிலும் கல்யாணம் கிடையாது என்பதால் இது கற்பனை அல்ல. வசூல் ரூ.2.40 லட்சமானால் ராயல்டியும் பொருள் செலவும் கொஞ்சம் இறங்கும். வாடகையும் சம்பளமும் இறங்காது. செலவு போகக் கையில் நிற்பது ரூ.7,816 மட்டும். அந்த மாதத் தவணையைக் கட்ட வெளியிலிருந்து கிட்டத்தட்ட ரூ.25,000 கொண்டுவர வேண்டும்.

இந்தக் கணக்கில் ராயல்டி, விளம்பர நிதி, வாடகை ஆகியவற்றின் ஜிஎஸ்டி மட்டும் மாதம் ரூ.13,680. முன்பு வாடிக்கையாளரிடம் வசூலித்த வரியிலிருந்து இதைக் கழித்துக்கொள்ளலாம். இப்போது இது முழுக்கச் செலவு. கடை போடும்போது கட்டும் ஜிஎஸ்டிக்கும் இதே நிலைதான்.

“ஓனர் ஜிஎஸ்டியே எடுக்கலீங்க, வாடகைக்கு எப்படி வரி?” என்று கேட்பவர்கள் உண்டு. 2024 அக்டோபர் 10 முதல், பதிவு செய்யாத உரிமையாளரின் வணிகக் கட்டிடத்தை ஜிஎஸ்டி பதிவுள்ளவர் வாடகைக்கு எடுத்தால், வாடகைதாரரே அந்த 18 சதவீதத்தைக் கட்ட வேண்டும். காம்போசிஷன் திட்டத்தில் இருப்பவர்களுக்கு மட்டும் இதிலிருந்து பின்னர் விலக்கு தரப்பட்டது.

சொந்தக் கடைக் கணக்கு?

தமிழ்நாட்டில் சேவைத் தொழிலுக்கு ஆண்டு வரவு 20 லட்சம் ரூபாயைத் தாண்டினால்தான் பொதுவாக ஜிஎஸ்டி பதிவு கட்டாயம். மாதம் ரூ.1.50 லட்சம் வசூலிக்கும் தனிக்கடையின் ஆண்டு வரவு 18 லட்சம். பதிவு தேவையில்லை, வாடகைமீது வரியும் இல்லை.

மாடியில் ஒரு சின்ன இடம், வாடகை ரூ.15,000. உதவிக்கு இரண்டு பேர், சம்பளம் ரூ.30,000. பொருள்கள் ரூ.22,500. மின்சாரம், இதர செலவு ரூ.12,000. மொத்தம் ரூ.79,500. மிச்சம் ரூ.70,500. 5 லட்சம் கடனுக்குத் தவணை சுமார் ரூ.10,900 போக, ரூ.59,600 நிற்கும்.

பார்த்தவுடன் சொந்தக் கடைதான் லாபம் என்று தோன்றும். ஆனால் இதில் ஒன்று மறைந்திருக்கிறது. முதலாளியே நாள் முழுக்க நின்று வேலை பார்க்கிறார். வெளியே வேலைக்குப் போனால் கிடைக்கும் சம்பளம் ரூ.25,000 என்று கழித்தால், தொழிலின் உண்மையான லாபம் ரூ.34,600-தான். அவருக்கு உடம்பு சரியில்லாமல் 15 நாள் படுத்தால் வசூலும் படுத்துவிடும். ஆனால் வசூல் 20 சதவீதம் விழும் மாதத்திலும் தவணை கட்டி, கையில் ரூ.34,000 நிற்கும். பிரான்சைஸ் கடையில் இல்லாத தாங்கும் சக்தி இது.

தனிக்கடைக்காரர்கள் கவனிக்க வேண்டியது, 20 லட்சம் என்பது கடைக்கான வரம்பு அல்ல; ஒரு பான் எண்ணுக்கானது. அதே பெயரில் தையல் கடையோ புடவை வியாபாரமோ இருந்தால் எல்லாம் சேரும். “கணக்கு யாருக்குத் தெரியப் போகுது” என்ற காலமும் முடிந்துவிட்டது. 2025 ஜூலையில் கர்நாடக வணிக வரித்துறை யுபிஐ வரவுகளை வைத்துச் சிறு கடைக்காரர்களுக்கு நோட்டீஸ் அனுப்பியது பெரிய செய்தியானது. வரம்பைத் தாண்டினால் பதிவு செய்துவிடுவதே நல்லது. சேவைத் தொழிலில் 50 லட்சம் வரை காம்போசிஷன் திட்டத்தில் 6 சதவீதம் கட்டலாம். ஆனால் அதைக் கைக்காசிலிருந்து கட்ட வேண்டும், வாடிக்கையாளரிடம் தனியாக வசூலிக்க முடியாது. எது லாபம் என்று ஆடிட்டரிடம் ஒருமுறை கணக்குப் போட்டுப் பார்த்துக்கொள்ளலாம்.

பெயருக்கு இந்த ஊரில் என்ன மதிப்பு?

சென்னையில் புதிதாகக் குடிவந்தவருக்குத் தெருவில் யாரையும் தெரியாது. பெயர்ப்பலகையை நம்பித்தான் உள்ளே போவார். அங்கே பிராண்டுக்குக் கொடுக்கும் பணத்துக்குப் பலன் உண்டு.

2011 கணக்கெடுப்பின்படி விருத்தாசலம் நகராட்சியின் மக்கள்தொகை சுமார் 73,000. சுற்றுக் கிராமங்களும் இந்த ஊருக்குத்தான் வருகின்றன. ரயில் ஜங்ஷன் என்பதால் வந்துபோகும் கூட்டமும் உண்டு. ஆனால் கல்யாணப் பெண்ணின் அம்மா கேட்பது “எந்தப் பிராண்டு?” என்றல்ல, “உங்க பொண்ணுக்கு யாரு மேக்கப் போட்டது?” என்றுதான். “அந்த அக்கா கை நல்லா இருக்கும்” என்ற ஒரு வார்த்தை கடைவீதியில் வைக்கும் பெரிய போர்டைவிட அதிக ஆட்களைக் கொண்டுவரும்.

இதிலிருந்து பிரான்சைஸ் எடுப்பவருக்கு ஒரு சிக்கல் வருகிறது. வாடிக்கையாளர் பிராண்டை நம்பாமல் கையை நம்பி வந்தால், அந்தக் கை வேலையை விட்டுப் போகும்போது வாடிக்கையாளரும் பின்னாலேயே போவார். ‘வேலையை விட்ட பிறகு இதே ஊரில் கடை வைக்கக் கூடாது’ என்று ஊழியரிடம் எழுதி வாங்கினாலும், இந்திய ஒப்பந்தச் சட்டம் 1872-ன் 27-வது பிரிவின்படி அது பொதுவாகச் செல்லாது. ராயல்டி கட்டுபவர் ஒருவர், நல்ல பெயர் எடுப்பவர் இன்னொருவர் என்று ஆகிவிடும்.

அதற்காகப் பிராண்டு வீண் என்று சொல்லிவிட முடியாது. தொழில் தெரியாமல் முதலீடு மட்டும் வைத்திருப்பவருக்கு, ஆள் எடுப்பது, பயிற்சி கொடுப்பது, விலை வைப்பது எல்லாம் நிறுவனம் கற்றுத்தருகிறது. நடத்துபவர் கடையிலேயே நிற்க வேண்டியதில்லை. ஆண்கள், பெண்கள் இருவருக்கும் ஒரே இடத்தில் சேவை, ஏ.சி., எழுதிப் போட்ட விலை ஆகியவற்றை விரும்பும் இளைஞர்கள் சிறு நகரங்களிலும் பெருகி வருகிறார்கள்.

சட்டத்தில் பாதுகாப்பு உண்டா?

இந்தியாவில் பிரான்சைஸுக்கென்று தனிச் சட்டம் இல்லை. ஒப்பந்தச் சட்டம், வணிகக் குறியீட்டுச் சட்டம் போன்ற பொதுச் சட்டங்கள்தான். அமெரிக்காவில் கையெழுத்துக்கும் பணத்துக்கும் குறைந்தது 14 நாள் முன்பே நிறுவனம் தன் வழக்குகள், கட்டணங்கள், மூடிய கிளைகள் உள்ளிட்ட விவரங்களை எழுத்தில் தர வேண்டும். மலேசியாவில் 1998 முதல் தனிச் சட்டம் இருக்கிறது. நிறுவனம் அரசிடம் பதிவு செய்ய வேண்டும். இங்கே அப்படி எந்தக் கட்டாயமும் இல்லை. ஒப்பந்தத்தில் எழுதியிருப்பதுதான் சட்டம்.

அந்த ஒப்பந்தத்தை எழுதுவது நிறுவனத்தின் வக்கீல். ஒப்பந்தக் காலத்தில் போட்டித் தொழில் செய்யக் கூடாது என்ற நிபந்தனை செல்லும் என்று கோகோ கோலா - குஜராத் பாட்லிங் வழக்கில் 1995-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. எனவே பிரான்சைஸ் கடை நஷ்டத்தில் ஓடும்போது பக்கத்துத் தெருவில் சொந்தமாக ஒன்று தொடங்கிச் சமாளிக்கலாம் என்று நினைக்க முடியாது.

தகராறு வந்தால் நடுவர் தீர்ப்பாயம் நிறுவனத்தின் தலைமையிடம் இருக்கும் நகரத்தில் நடக்கும் என்றும் பல ஒப்பந்தங்களில் இருக்கும். மணவாளநல்லூர் கொளஞ்சியப்பர் கோயிலில் பிராது எழுதிக் கட்டலாம். ஒப்பந்தப் பிராதுக்கு அந்த நகரத்துக்குத்தான் போய்வர வேண்டும். நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாமே என்றால், வணிக நோக்கத்துக்குச் சேவை பெறுபவர் நுகர்வோர் ஆகமாட்டார். பிழைப்புக்காகச் சுயதொழில் செய்பவர் என்று நிரூபித்தால்தான் அந்தக் கதவு திறக்கும்.

நிறுவனமே கைமாறினால் என்ன ஆகும் என்பதும் ஒப்பந்தத்தில் இருக்க வேண்டும். 2022 நவம்பரில் நேச்சுரல்ஸில் ரிலையன்ஸ் ரீடெய்ல் பங்கு வாங்கப் பேசுவதாகச் செய்திகள் வந்தன. இப்படிப்பட்ட நேரத்தில் கிளை எடுத்தவரின் ராயல்டியும் நிபந்தனையும் மாறுமா, மாறாதா என்பதை முன்பே எழுதி வாங்கியிருந்தால்தான் நிம்மதி.

நடுவில் ஒரு வழி இல்லையா?

விருத்தாசலம் பீங்கான் தொழிலின் அனுபவம் இதற்குக் கைகொடுக்கும். இங்குள்ள சிறு பட்டறைகள் அகல் விளக்கும் பொம்மையும் ஃபியூஸ் கேரியரும் தனித்தனியாகத்தான் செய்தன. ஆனால் சூளை கட்டுவதற்கு ஆகும் செலவை ஒவ்வொருவரும் தனியாகத் தாங்க முடியாது என்பதால் பொது வசதி தேவைப்பட்டது. கடை தனி, சூளை பொது.

பார்லர் தொழிலிலும் இதைச் செய்யலாம். நான்கைந்து தனிக்கடைக்காரர்கள் சேர்ந்து, அங்கீகரிக்கப்பட்ட விநியோகஸ்தரிடம் பில்லோடு மொத்தமாகப் பொருள் வாங்கினால் விலையும் குறையும், போலிச் சரக்கு பயமும் குறையும். பயிற்சியாளரைச் சேர்ந்து அழைக்கலாம். பெயரைக் காப்பாற்ற வணிகக் குறியீடாகப் பதிவு செய்யலாம். தனிநபருக்கு இணையவழிக் கட்டணம் ஒரு பிரிவுக்கு ரூ.4,500, பத்து ஆண்டு செல்லும்.

முதலீட்டுக்கு முத்ரா திட்டத்தில் 10 லட்சம் வரை பிணையில்லாக் கடன் கேட்கலாம். அந்த 10 லட்சத்தைச் சரியாகக் கட்டி முடித்தவர்களுக்கு 20 லட்சம் வரை தருவதாக 2024-ல் விரிவாக்கப்பட்டது. பிரதமரின் வேலை உருவாக்கும் திட்டத்தில் சேவைத் தொழிலுக்கு 20 லட்சம் வரையிலான திட்டங்களுக்கு மானியத்துடன் கடன் உண்டு. விண்ணப்பத்துக்கு அணுக வேண்டியது கடலூர் மாவட்டத் தொழில் மையம்.

முடிவு எடுப்பது எப்படி?

தொழில் தெரிந்தவர், கடனில் தொடங்குபவர், ஊரில் நாலு பேருக்கு முகம் தெரிந்தவர் என்றால், விருத்தாசலம் அளவுள்ள ஊரில் சொந்தக் கடையே பாதுகாப்பானது. புதிய ஜிஎஸ்டி முறை அந்தப் பக்கத் தட்டை இன்னும் கொஞ்சம் இறக்கியிருக்கிறது. தொழில் தெரியாது, ஆனால் கடன் இல்லாத சொந்தப் பணம் இருக்கிறது, ஓராண்டுக்கு மேல் லாபம் வராவிட்டாலும் தாங்க முடியும் என்பவர் பிரான்சைஸைப் பரிசீலிக்கலாம்.

கையெழுத்துப் போடும் முன் நிறுவனத்திடம் ஐந்து விஷயங்களை எழுத்தில் கேட்க வேண்டும்:

1. ராயல்டி வசூல்மீதா, லாபத்தின்மீதா? வசூல் குறைந்தாலும் கட்ட வேண்டிய குறைந்தபட்சத் தொகை உண்டா?
2. ஊருக்குள் இதே பிராண்டின் இரண்டாவது கிளை வராது என்ற உறுதி உண்டா?
3. ஒப்பந்தம் எத்தனை ஆண்டு? புதுப்பிக்க மறுபடியும் கட்டணமா? உள் அலங்காரத்தை மறுபடி மாற்றச் சொல்வார்களா?
4. நடுவில் விலகினால் எவ்வளவு பணம் திரும்பும்? வைப்புத்தொகை எப்போது வரும்?
5. இந்த அளவு ஊர்களில் கடந்த மூன்று ஆண்டுகளில் மூடிய கிளைகள் எவை?

ஓடுகிற கிளையை நிறுவனமே கூட்டிப்போய்க் காட்டும். மூடிய கிளையை நடத்தியவரை நாமே தேடிப் போய்ப் பேச வேண்டும். அந்தப் பட்டியலைத் தர நிறுவனம் மறுத்தால், முன்பணத்தை வங்கியிலேயே விட்டுவைப்பது நல்லது.